தியாகராஜர் கேட்கமாட்டார், வாசித்தவர் கேட்பார்

சுங்கை சிப்புட்டிலோ ஈப்போவிலோ நடக்கும் ஒரு கல்யாணத்தின் செலவுக் கணக்கை எடுத்துப் பாருங்கள். மண்டப வாடகை, சாப்பாடு, மணவறை அலங்காரம், புகைப்படம், வீடியோ, ஒலிபெருக்கி, மின்திரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி இருக்கும். மேளத்துக்கும் ஒரு வரி இருந்தால் அது கொஞ்சம் தாராளமான குடும்பம். கை கடிக்கும்போது முதலில் கழிபடுவது நாதஸ்வரக் குழுதான். அப்போது ஒலியமைப்பாளர் தம் மடிக்கணினியில் 'மங்கள இசை' என்ற கோப்பைத் திறந்துவிடுவார். ஐயர் கை காட்டியதும் 'கெட்டிமேளம்' என்ற இன்னொரு கோப்பைத் தட்டுவார். தாலி ஏறும் அந்த நிமிடத்தைத் தாங்கிப் பிடிப்பது எங்கோ, எப்போதோ யாரோ வாசித்த நாதஸ்வரமும் தவிலும். மண்டபத்தில் உழைத்த அத்தனை பேருக்கும் கூலி உண்டு. அவருக்கு மட்டும் கிடையாது, பெயர்கூடக் கிடையாது. சாஸ்திரிய இசைதானே, அது எல்லாருக்கும் பொது, அதற்கு யார் கணக்குக் கேட்கப் போகிறார்கள் என்பதே நம் ஊரில் பரவலாக இருக்கும் எண்ணம். அந்த எண்ணத்தில் பாதிதான் சரி. மீதிப் பாதியால் நட்டப்படுகிறவர் பாட்டை எழுதியவரும் அல்ல, பதிவை விற்கும் நிறுவனமும் அல்ல, பாடியவரும் வாசித்தவரும்தான்.

சரியான பாதியை முதலில் பார்ப்போம். சியாமா சாஸ்திரி 1827இலும், முத்துசுவாமி தீட்சிதர் 1835இலும், தியாகராஜர் 1847இலும் மறைந்தவர்கள். அவர்களுடைய கீர்த்தனைகளைப் பாடவும் அச்சிடவும் பதிவு செய்து விற்கவும் எவரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பாபநாசம் சிவன் நமக்கு மிக அருகில் இருந்தவர், 1973இல் காலமானார். படைத்தவரின் ஆயுளோடு 60 ஆண்டு என்ற இந்தியக் கணக்கில் அவர் பாடல்களுக்கு 2033 முடியும்வரை பதிப்புரிமை உண்டு. ஆயுளோடு 50 ஆண்டு என்ற மலேசியக் கணக்கில் அது 2023ஆம் ஆண்டோடு முடிந்துவிட்டது. அதாவது அவருடைய ஒரே பாடல் சென்னையில் உரிமையுள்ள சொத்தாகவும் ஈப்போவில் பொதுச் சொத்தாகவும் இன்று இருக்கிறது. ஒலிப்பதிவுக்குக் கணக்கு வேறு. பதிவு வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து மலேசியாவில் 50 ஆண்டு, இந்தியாவில் 60 ஆண்டு. எச்.எம்.வி. 1963இல் வெளியிட்ட எம்.எஸ். சுப்புலட்சுமியின் வெங்கடேச சுப்ரபாதத்தை எடுத்துக்கொண்டால், சுலோகம் சில நூற்றாண்டுகளுக்கு முந்தையது. அந்த முதல் பதிவின் காப்பு மலேசியாவில் 2013 இறுதியிலும் இந்தியாவில் 2023 இறுதியிலும் காலாவதியாகிவிட்டது. டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் தோடியும், 1964இல் மறைந்த காருகுறிச்சி அருணாசலத்தின் வாழ்நாளில் வெளிவந்த இசைத்தட்டுகளும் அப்படித்தான். அவற்றை எந்த மண்டபத்திலும் தாராளமாக ஒலிக்க விடலாம்.

ஆனால் மடிக்கணினியில் இருக்கும் கோப்பு பெரும்பாலும் அவ்வளவு பழையதல்ல. நாமகிரிப்பேட்டை கிருஷ்ணன், ஷேக் சின்ன மௌலானா போன்றவர்கள் ஒலிநாடாக் காலத்தில் கொடுத்த பதிவுகள், அதற்குப் பிறகு குறுந்தட்டுகளில் வந்தவை, இப்போது யூடியூபில் இருந்து இறக்கியவை. இவற்றில் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று உரிமைகள் இருக்கின்றன. கீர்த்தனை தியாகராஜருடையது, அதற்கு விலை இல்லை. ஒலிப்பதிவு அதைத் தயாரித்த நிறுவனத்துடையது. காலக்கெடு முடியும்வரை பொது இடத்தில் ஒலிக்கவிட அதன் அனுமதி வேண்டும். நடுவில் இருப்பது வாசிப்பு. ராகம் யாருக்கும் சொந்தமில்லை என்பது உண்மை. ஆனால் அன்றைக்கு அந்த வித்துவான் அந்த ராகத்தில் செய்த ஆலாபனை அவருடைய மூச்சு. கர்நாடக இசையில் எழுதி வைத்த கீர்த்தனையை விட மேடையில் அந்த நேரத்தில் பிறப்பதுதான் பெரும்பங்கு. சினிமாப் பாட்டில் இசையமைப்பாளருக்குப் போகும் படைப்பாளியின் இடம் இங்கே பாதிக்கு மேல் வாசிப்பவருக்குத்தான் உரியது. ஆனாலும் மூன்று உரிமைகளில் மிகவும் நோஞ்சானாக இருப்பது இந்த நடு உரிமைதான்.

மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987இல் வந்தது. நிகழ்த்துகலைஞருக்கென்று அதில் தனி உரிமை சேர்ந்தது 2000ஆம் ஆண்டுத் திருத்தத்தில். அதன்படி ஒருவர் வாசிப்பதை அவர் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது. அந்தப் பதிவைப் பிரதி எடுத்து விற்கவும் கூடாது. வணிகத்துக்காக வெளியான ஒலிப்பதிவைப் பொது இடத்தில் ஒலிக்கவிட்டாலோ ஒலிபரப்பினாலோ, பயன்படுத்துகிறவர் கலைஞருக்கு நியாயமான ஊதியம் தர வேண்டும். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அடுத்த வரிகளில்தான் பிடி நழுவுகிறது. பதிவு செய்ய ஒருமுறை சம்மதித்துவிட்டால் அந்தத் தனியுரிமை முடிந்துபோகிறது. ஊதியம் ஒரே தொகையாகக் கொடுக்கப்பட்டது என்பதற்காக மட்டும் அதை நியாயமற்றது என்று சொல்ல முடியாது என்றும் சட்டமே சொல்லிவிடுகிறது. காசு கொடுத்து வேலை சொன்னவருக்கே பதிப்புரிமை போகும் என்ற விதியையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வேறுவிதமாக ஒப்பந்தம் இருந்தால்தான் அது மாறும். ஒரு மத்தியானம் ஸ்டூடியோவில் உட்கார்ந்து வாசித்து, உறையை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போன தவில்காரருக்கு அதற்குப் பிறகு அந்தப் பதிவோடு எந்த ஒட்டும் இல்லை. நிறுவனம் அதை ஒலிநாடாவாக, குறுந்தட்டாக, இணைய ஒலிப்பட்டியலாக ஐம்பது ஆண்டு விற்கலாம்.

சுங்கை சிப்புட்டுக்காரர்களுக்கு இந்த ஏற்பாடு புதிதல்ல. பால் வெட்டியவருக்கு அன்றன்றைக்குக் கூலி, மரமும் பாலும் லாபமும் துரைக்கு என்பதுதான் தோட்டத்தின் கணக்கு. வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது, இந்த ஊரில் பிறந்த துன் வீ.தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியது அந்தக் கணக்கை மாற்றத்தான். கூலி வாங்கியவரே சிறுகச் சிறுகப் பணம் கட்டிப் பங்குதாரர் ஆகலாம் என்ற எண்ணம் அப்போது பலருக்கு நடக்காத காரியமாகத் தெரிந்தது. இசைப்பதிவில் நாம் இன்னும் கூலிக் காலத்திலேயே நிற்கிறோம்.

கலை வணிகம் அல்ல, பக்திக்கு விலை பேசலாமா என்று இதற்கு ஒரு மறுப்பு வரும். நிதியைத் தேடிப் போகாத தியாகராஜரையே சாட்சிக்கு இழுப்பார்கள். அவர் மறுத்தது தமக்கு வந்ததை. அடுத்தவர் உழைப்பைத் தூக்கிக் கொடுக்கவில்லை. இந்தப் பேச்சில் எம்.எஸ். சுப்புலட்சுமியின் பெயரும் அடிக்கடி வரும், ஏனென்றால் சுப்ரபாதப் பதிவின் உரிமைத்தொகையை அவர் திருப்பதி தேவஸ்தானத்தின் வேத பாடசாலைக்கே எழுதிக் கொடுத்தார். கொடுக்க முடிந்ததற்குக் காரணம், அந்தப் பதிவில் உரிமைத்தொகை என்று ஒன்று இருந்ததுதான். ஒரே தொகையோடு கதை முடிந்திருந்தால் வேத பாடசாலைக்குப் போக எதுவும் இருந்திருக்காது. இன்னொன்றையும் நினைவில் வைக்க வேண்டும். அதே எம்.எஸ். பிற்காலத்தில் பணமுடைக்கு ஆளானபோது, சும்மா கொடுத்தால் வாங்கமாட்டார் என்பதால் தேவஸ்தானம் அன்னமாச்சாரியார் பாடல்களையும் பிறவற்றையும் அவரைக் கொண்டு பதிவு செய்ய வைத்தது. 'பாலாஜி பஞ்சரத்னமாலா' அப்படி வந்ததுதான். உலகம் முழுவதும் காலையில் ஒலித்த குரலுக்கு அந்த நிலை என்றால், அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வயலினும் மிருதங்கமும் வாசித்தவர்களின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

'பேசிய காசைக் கொடுத்தாகிவிட்டது, அதற்குமேல் என்ன?' என்பது இதைவிட வலுவான மறுப்பு. நிறுவனங்கள் மட்டுமல்ல, நிகழ்ச்சி நடத்துகிற நம்மவர்களும் இதையே சொல்கிறார்கள். ஒப்பந்தம் ஒப்பந்தம்தான், பின்னால் லாபம் வந்தது என்பதற்காகப் பேச்சை மாற்றுவது எப்படிச் சரியாகும் என்று கேட்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் ஒலிநாடாவுக்கு என்று 1980களில் பேசிய தொகையில், 2020களின் இணைய ஒலிபரப்பும் விளம்பர வருமானமும் அடங்கியிருந்தன என்று யாரும் நெஞ்சில் கை வைத்துச் சொல்ல முடியாது. ஐரோப்பா இந்தக் கேள்வியை நேராகவே எதிர்கொண்டது. 2011இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒலிப்பதிவுக் காப்பை 50 ஆண்டிலிருந்து 70 ஆண்டாக நீட்டியபோது, நீட்டிய காலத்தில் நிறுவனம் ஈட்டும் வருமானத்தில் 20 விழுக்காட்டை, ஒரே தொகை வாங்கிக்கொண்டு போன பக்கவாத்தியக்காரர்களுக்கு ஒதுக்க வேண்டும் என்று விதித்தது. பதிவைப் பெட்டிக்குள் பூட்டி வைத்து விற்காமல் இருக்கும் நிறுவனத்திடமிருந்து கலைஞர் உரிமையைத் திரும்பப் பெறவும் வழி வைத்தது. காலநீட்டிப்பு பெரிய நிறுவனங்களும் புகழ்பெற்ற பாடகர்களும் தங்களுக்காக வாதாடி வாங்கியது என்ற விமர்சனம் சரியே. நம் நாட்டில் 50 ஆண்டு போதும், நீட்டவே வேண்டாம். ஆனால் 20 விழுக்காடு என்ற அந்த ஒரு விதியைக் கடன் வாங்கலாம், அதுவும் ஐம்பது ஆண்டு கழித்து அல்ல, முதல் ஆண்டிலிருந்தே. இந்தியாவும் 2012இல் சட்டத்தைத் திருத்தி, வாசிப்பு வணிகத்துக்குப் பயன்பட்டால் கலைஞருக்கு உரிமைத்தொகை உண்டு என்று எழுதியது. பாடகர்கள் 2013இல் தங்களுக்கென உரிமைச் சங்கத்தையும் பதிவு செய்துகொண்டார்கள். ஒரே தொகையோடு முடிந்தது என்ற வாதம் அங்கே எழுத்தளவிலாவது தோற்றுவிட்டது.

காசு கேட்டால் கடைக்காரர்கள் சாஸ்திரிய இசையையே நிறுத்திவிடுவார்கள், அந்த இடத்தையும் சினிமாப் பாட்டு பிடித்துக்கொள்ளும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். சினிமாப் பாட்டுக்கும் உரிமம் வேண்டும் என்பதை இவர்கள் மறந்துவிடுகிறார்கள். மலேசியாவில் இசைப் படைப்பாளிகளுக்காக எம்ஏசிபியும், பதிவு நிறுவனங்களுக்காகப் பிபிஎம்மும் உணவகம், பேரங்காடி, மண்டபம் என்று உரிமக் கட்டணம் வசூலிக்கின்றன. கட்டணம் எல்லா இசைக்கும் பொது என்பதால் வீணைக்கென்று தனியாகச் சுமை எதுவும் கூடப்போவதில்லை. கோயிலையும் தமிழ்ப்பள்ளியையும் இதற்குள் இழுத்துப் பயமுறுத்தவும் தேவையில்லை. லாப நோக்கமில்லாத மன்றமோ நிறுவனமோ, நுழைவுக் கட்டணம் வாங்காத இடத்தில், அறப்பணிக்காகவோ கல்விக்காகவோ இசையை ஒலிக்கச் செய்வதைச் சட்டம் விலக்கியே வைத்திருக்கிறது. மகாத்மா காந்தி கலாசாலையின் கலை விழாவில் பிள்ளைகள் ஒரு வர்ணத்தின் ஒலிப்பதிவுக்கு ஆடினால் யாரும் நோட்டீஸ் அனுப்பப் போவதில்லை. கட்டணம் வைத்து நடத்தும் அரங்கேற்றமும், நகைக்கடையின் விளம்பரப் படமும், ஐம்பது மேசை போட்ட உணவகமும் வேறு. அங்கே இசை வியாபாரத்தின் ஒரு பகுதி.

இவ்வளவு சொன்னதால் பதிவு நிறுவனங்கள் கேட்பதெல்லாம் சரி என்று ஆகிவிடாது. கலைஞரின் பங்கை மறந்த அதே நிறுவனங்கள், தங்களுக்கு உரிமையில்லாத இடத்திலும் கை நீட்டுகின்றன. 2018 செப்டம்பரில் பிரிட்டிஷ் பியானோ கலைஞர் ஜேம்ஸ் ரோட்ஸ் தாமே வாசித்த பாக் இசையைப் பேஸ்புக்கில் போட்டார். அதில் 47 விநாடி தங்களுடையது என்று சோனி நிறுவனத்தின் பெயரில் உரிமைகோரல் வந்து ஒலி அடைக்கப்பட்டது. பாக் இறந்தது 1750இல், வாசித்தது ரோட்ஸ். ஊரெல்லாம் சிரித்த பிறகே கோரிக்கை விலக்கப்பட்டது. யூடியூபின் தானியங்கிச் சோதனையும் இதே வகைதான். ஒரே கீர்த்தனையை ஒரே சுருதியில், ஒரே பாடாந்தரத்தில் பாடும் இருவரின் குரலை அது சில நேரம் ஒன்றாக எண்ணிவிடுகிறது. சிக்கிக்கொள்வது ஈப்போவில் பத்துப் பிள்ளைகளுக்குப் பாட்டு சொல்லிக் கொடுக்கும் டீச்சர்; மறுப்புத் தெரிவிக்க அவரிடம் சட்டப் பிரிவு இல்லை. இன்னொரு பக்கம், சாமி படத்தைப் போட்டு 'மங்கள வாத்தியம், ஒரு மணி நேரம்' என்று பதிவேற்றிய அலைவரிசைகளில் விளம்பரம் ஓடிக்கொண்டே இருக்கும். கீழே எவ்வளவு தேடினாலும் வாசித்தவர் பெயர் இருக்காது. தம்மைக் கலைஞர் என்று அடையாளம் காட்டக் கோரும் தார்மிக உரிமை மலேசியச் சட்டத்தில் நிகழ்த்துகலைஞருக்கு உண்டு. காசு கொடுக்காததைவிட இந்தப் பெயர் அழிப்பே எனக்குப் பெரிய குற்றமாகப் படுகிறது, ஏனென்றால் பெயர் தெரிந்தால்தான் அடுத்த கல்யாணத்துக்கு அவரைக் கூப்பிட முடியும்.

பெயரும் எழுத்தும் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு அண்மைய வழக்கு ஒன்று இருக்கிறது. 'பொன்னியின் செல்வன் 2' படத்தில் ஏ.ஆர். ரஹ்மான் இசையமைத்த 'வீரா ராஜ வீர' பாடல், இளைய டாகர் சகோதரர்கள் அடாணா ராகத்தில் அமைத்த 'சிவ ஸ்துதி'யை ஒத்திருக்கிறது என்று அவர்கள் குடும்பத்து துருபதக் கலைஞர் வாசிஃபுதீன் டாகர் வழக்குத் தொடுத்தார். டெல்லி உயர் நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2025 ஏப்ரலில் டாகர் பக்கம் நின்றார். சகோதரர்களின் பெயரைப் பாடலோடு சேர்க்கவும், 2 கோடி ரூபாயை நீதிமன்றத்தில் கட்டவும் உத்தரவிட்டார். செப்டம்பரில் இருவர் அமர்வு அதை ரத்து செய்தது. ஒன்றைப் பாடினார்கள் என்பதால் மட்டும் அதை இயற்றினார்கள் என்று ஆகிவிடாது என்பது அமர்வின் நிலை. ரஹ்மான் எடுத்தாரா இல்லையா என்ற பட்டிமன்றத்தில் நம் பத்திரிகைகள் மூழ்கிவிட்டன. வாய்மொழியாகக் கைமாறும் இசையில் எது மரபு, எது ஒருவரின் ஆக்கம் என்று பிரித்துக் காட்டும் ஆவணம் பெரும்பாலும் இருப்பதில்லை என்ற உண்மையை யாரும் அதிகம் பேசவில்லை. டாகர் போன்ற பேர்போன பரம்பரைக்கே ஆவணம் சிக்கல் என்றால், தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழாவில் வாசித்துப் பழகி வந்த ஒரு நாதஸ்வரக்காரர் நீதிமன்றத்தில் எதைக் காட்டுவார்?

ஆகவே வேலை ஊரில் தொடங்க வேண்டும். பேராக்கில் நாதஸ்வரம், தவில் வாசிக்கிறவர்களும் உருமி மேளக் குழுக்களும் இன்னும் இருக்கிறார்கள். முன்பணம் வாங்கும்போது ஒரு தாளில் நான்கு வரி எழுதிக்கொள்ளலாம்: வாசிப்பை வீடியோ எடுக்கலாமா, குடும்பத்துக்கு மட்டுமா, இணையத்தில் போட்டால் யார் பெயர் வர வேண்டும், விளம்பர வருமானம் வந்தால் எத்தனை பங்கு. வீடியோக்காரர்கள் இதை எதிர்ப்பார்கள். எடுத்ததெல்லாம் தமக்குச் சொந்தம் என்று அவர்களில் பலர் நம்புகிறார்கள். காசு கொடுத்து எடுக்கச் சொன்னது கல்யாண வீட்டார் என்பதால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை பதிப்புரிமை அவர்களுக்கே போகும் என்பதை யாரும் அவர்களுக்குச் சொல்வதில்லை. குழுக்கள் தங்கள் செலவில் ஒரு நல்ல மங்கள இசைப் பதிவைத் தாங்களே செய்தால், தயாரித்தவர் என்ற உரிமையும் அவர்களிடமே நிற்கும். அதை அறிவுசார் சொத்துடைமைக் கழகமான மைஐபிஓவில் அறிவித்து வைக்கும் வசதி 2012 ஜூன் முதல் இருக்கிறது. அறிவிக்காவிட்டால் உரிமை போய்விடாது. அறிவித்தால் வழக்கு என்று வரும்போது கையில் ஒரு சான்று இருக்கும். மண்டபங்களும் ஒலியமைப்பாளர்களும் அப்படிப்பட்ட பதிவை உள்ளூர்க் குழுக்களிடம் ஆண்டுக்கு ஒரு தொகை கொடுத்து வாங்கிக்கொள்ளலாம். தாலி கட்டும் நேரத்துக்கு ஓர் ஊர்க்காரரின் மூச்சு கிடைக்கும், அவருக்கும் பங்கு கிடைக்கும்.

ஒவ்வொரு மண்டபத்திலிருந்தும் வரப்போவது சில்லறைதானே, அதை வசூலித்துப் பிரிக்க ஆகும் செலவு வரவைவிட அதிகமாக இருக்காதா என்று கேட்பவர்களும் உண்டு. தனித்தனியாகச் செய்தால் அப்படித்தான். அதற்குத்தான் சங்கம். ரப்பர்த் தோட்டத்தைச் சேர்ந்து வாங்கியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ஏற்கெனவே இருக்கும் வசூல் அமைப்புகள் திரையிசையையும் ஆங்கில, மலாய்ப் பாடல்களையும் கணக்கு வைக்கும் அளவுக்குக் கர்நாடக இசையைக் கணக்கு வைக்கின்றனவா என்பதை உறுப்பினராகச் சேர்ந்து உள்ளிருந்து கேட்டால்தான் பதில் வரும். வெளியே நின்று புலம்பினால் வராது. சட்டமும் மாற வேண்டும். ஒரே தொகையாகக் கொடுத்த ஊதியத்தை நியாயமற்றது எனச் சொல்ல முடியாது என்ற வாசகம் அடுத்த திருத்தத்தில் நீங்க வேண்டும். அதைக் கேட்டு மனு எழுத வேண்டியவர்கள் வழக்கறிஞர்களோ பதிவு நிறுவனங்களோ அல்ல, நாதஸ்வர, தவில் கலைஞர்களின் சங்கங்கள்தான். ஐரோப்பாவின் அந்த 20 விழுக்காட்டு விதியை மனுவோடு இணைத்துக் கொடுத்தால், உலகத்தில் எங்கும் இல்லாததைக் கேட்கிறீர்கள் என்று அமைச்சில் யாரும் சொல்ல முடியாது.